மணைமேல் மக்களாட்சி

ஊருக்கெல்லாம் ஜனநாயகம் கற்றுக்கொடுத்தே தீருவது என்று வாத்தியார் கனகராஜ் முடிவெடுத்துவிட்டார். அதனால் தியாகராய நகரில் அவர் குடியிருந்த போர்ஷனில் மூன்று மாதமாக யாரும் காலை நீட்டிப் படுக்க முடியவில்லை. கூடம் முழுக்க அட்டை.

பழைய காலண்டர் அட்டைகளை ஒட்டி, கட்டம் போட்டு, ஒரு விளையாட்டு செய்திருந்தார். சோழி உருட்டி ஜெயிப்பவர் ராஜா. மணை போட்டு உட்காரலாம். மற்றவர்கள் குடிகள், வெறுந்தரை. ராஜாவின் காய் நிற்கும் கட்டத்தில் ஒரு கதை இருக்கும். 'பஞ்சம் வந்துவிட்டது. களஞ்சியத்தைத் திறப்பாயா, பூட்டுவாயா?' ராஜா சொல்லும் பதிலுக்குத் தக்கபடி வழி பிரியும், கதையும் மாறும். ஒழுங்காக ஆண்டால் கடைசியில் பொற்காலக் கட்டம். எல்லாவற்றுக்கும் மேலே சிவப்பு மையில் ஒரு சட்டம்: 'பாதிக்கப்படுகிறவர்களைக் கேட்காமல் எடுத்த முடிவு செல்லாது. ராஜா மணையை விட்டு இறங்க வேண்டும்.'

அதை எழுதிய அதே வாரம், தை பிறந்ததும் வீட்டைக் காலி செய்கிறோம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டார். மனைவி ஜெயபாரதியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நங்கநல்லூரில் தனி வீடாம். அமைதியாக உட்கார்ந்து அடுத்த விளையாட்டை யோசிக்கலாமாம்.

ஜெயபாரதிக்கு இது குழாயடியில்தான் தெரிந்தது. பக்கத்துப் போர்ஷன் ஜைதூன் பீ குடத்தை இறக்கிவைத்து, "இன்னா தங்கச்சி, காலி பண்றீங்கன்னு வீட்டுக்காரம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?" என்றாள். தன் குடம் நிரம்பி வழிந்ததைக்கூட ஜெயபாரதி பார்க்கவில்லை. கல்யாணமாகி வந்த நாளாக அவள் வாய் திறந்து பேசுவது ஜைதூன் பீ ஒருத்தியிடம்தான். தையல் மெஷினில் கால் வைக்கக் கற்றுக்கொடுத்தவள். பிள்ளை சிணுங்கினால் மடியில் வாங்கிக்கொள்பவள். நங்கநல்லூரில் சுவரோடு பேச வேண்டியதுதான்.

கணவரிடம் பேச்செடுத்துப் பார்த்தாள். "உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு." மறுநாளும் எடுத்தாள். பதிலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூர் அச்சகக்காரர் ஷாஹுல் ஹமீது வந்தார். விளையாட்டு பிடித்தால் அச்சடித்துக் கடைகளுக்கு அனுப்புவதாகப் பேச்சு. குடிகளாக உட்கார ஜெயபாரதியும் ஜைதூன் பீயும். காலையிலேயே கனகராஜ் பாடம் நடத்தி முடித்திருந்தார்: ராஜா தீர்ப்பு சொன்னதும் 'நல்லது மன்னா' என்று சொல்ல வேண்டும். அதற்கு மேல் மூச்சு விடக்கூடாது.

சோழி அவருக்கே விழுந்தது. மணை ஏறினார். பஞ்சம் வந்தது, களஞ்சியத்தைத் திறந்தார். நல்லது மன்னா. வெள்ளம் வந்தது, அரண்மனையையே திறந்துவிட்டார். நல்லது மன்னா. அச்சகக்காரர் தலையாட்டி ரசித்தார். பொற்காலம் கிட்டே வந்துவிட்டது.

ஜெயபாரதியின் கண்ணெல்லாம் ஓரமாகக் கவிழ்ந்து கிடந்த ஒரு வெற்று அட்டை மேல். அதற்குக் குறை அட்டை என்று பெயர். குடிகளும் முறை வரும்போது உருட்டலாம். தாயம் விழுந்தால் அதை எடுத்து, மனசில் உள்ள குறையை ஒரு கதையாகச் சொல்லலாம். உருட்டினாள். மூன்று. ஜைதூன் பீ உருட்டினாள். இரண்டு. ராஜா நகர்ந்து, பொற்காலத்தின் வாசலில் போய் நின்றார். அவர் இன்னொரு தடவை உருட்டினால் ஆட்டம் முடிந்தது, தையும் பிறந்துவிடும்.

ஜெயபாரதி சோழிகளைக் கையில் அள்ளினாள். உருட்டினாள்.

ஒரே ஒரு சோழி மல்லாந்தது. தாயம்.

அட்டையை எடுத்தாள். மடியிலிருந்த பிள்ளையின் உச்சந்தலையைப் பார்த்தபடியே சொன்னாள்:

"ஒரு ராஜா இருந்தார், மன்னா. திடீர்னு தலைநகரத்தை மாத்தறேன்னுட்டார். குடிங்களைக் கேக்கலை. பக்கத்து நாட்டுக்காரங்க சொல்லித்தான் குடிங்களுக்கே தெரிஞ்சுது."

கனகராஜுக்கு உற்சாகம் பொங்கியது. அச்சகக்காரர் முன்னால் பிரசங்கம் செய்ய இதைவிட நல்ல இடம் கிடைக்குமா? இது சர்வாதிகாரம் என்றார். குடிகள் என்ன பெட்டி படுக்கையா, தூக்கிக்கொண்டு போக என்றார். தொடையில் தட்டித் தீர்ப்பும் சொன்னார்: "அந்த முடிவு செல்லாது. ராஜா கீழே இறங்கட்டும்."

"நல்லது மன்னா," என்றாள் ஜெயபாரதி. "அப்ப நங்கநல்லூர் வேணாம், காலி பண்ணலைன்னு வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டு வந்துடுங்க."

கனகராஜ் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, விளையாட்டு வேறு, வீடு வேறு என்று ஆரம்பித்தார்.

ஷாஹுல் ஹமீது மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "வேறயா சார்? எழுதினவர் வீட்லயே செல்லாத சட்டத்தை நான் எப்படிக் கடைக்கு அனுப்பறது?"

"ஓட்டு போட்டுடலாம், கீழ குந்திக்கினு இருக்கறவங்கள்ல போக வேணாங்கறவங்க கை தூக்கட்டும்," என்று ஜைதூன் பீ முதல் கையைத் தூக்கினாள். ஜெயபாரதி தூக்கினாள். பிள்ளையின் கையையும் பிடித்துத் தூக்கினாள். பச்சைப் பிள்ளைக்கு ஏது ஓட்டு என்று கனகராஜ் ஆட்சேபித்தார். அச்சகக்காரர் சிவப்பு மை வரியை விரலால் தொட்டுக் காட்டி, பிள்ளையையும்தானே கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்றார்.

கனகராஜ் மணையை விட்டு இறங்கினார். தரை சில்லென்று இருந்தது.

விளையாட்டு அச்சகக்காரருக்குப் பிடித்துவிட்டது. தலைநகரக் கதையையும் கட்டாயம் சேர்க்கச் சொன்னார். செருப்பை மாட்டிக்கொண்டே, அடுத்த ஞாயிறு வந்து அட்டைகளை வாங்கிப் போகலாமா என்று கேட்டார்.

தாராளமாக வாங்க என்று சொல்ல வாயைத் திறந்த கனகராஜ், அப்படியே நிறுத்தி, உள்ளே திரும்பினார்.

"ஜெயா, உனக்குச் சௌகரியப்படுமா?"