நாற்காலிக்கு என்ன சொல்வது

டீச்சரம்மா நாற்காலியைத் தட்டிக் காட்டி, "சேர்" என்றாள்.

எதிரே உட்கார்ந்திருந்த ஐந்து பேரும் கனிவாகத் தலையை ஆட்டிவிட்டு, "லோமுக்" என்றார்கள்.

"சேர்."

"லோமுக்."

முதல் நாள், முதல் பாடம், முதல் வார்த்தை. அதிலேயே வண்டி நின்றுவிட்டது.

டீச்சரம்மா பிறவி டீச்சர் அல்ல. பதினாறு வருஷம் ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவள். மேனேஜர் எழுதும் கடிதத்தில்கூடப் பிழை திருத்தி அனுப்பியதால் ஆபீஸில் வைத்த பட்டப்பெயர் அது. ஒருநாள் மதியச் சாப்பாட்டு வேளையில், போனில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. வெளிநாட்டுக்கு வந்து ஆங்கிலம் சொல்லிக்கொடுங்கள், உலகத்தைப் பாருங்கள், வாழ்க்கையையே மாற்றிக்கொள்ளுங்கள் என்றது. கேலிப் பெயரை நிஜமாக்கிவிட்டால்தான் என்ன என்று தோன்றிவிட்டது. தோன்றியபின் அவளை யார் நிறுத்த முடியும்? ஆறு வாரம் இணையத்தில் படித்துச் சான்றிதழ் வாங்கினாள். கடலோரச் சிற்றூர் ஒன்றின் பயிற்சி நிலையம், வாருங்கள் என்றது. வேலையை விட்டாள். கணவரையும் விட வைத்தாள். வீட்டைப் பூட்டிச் சாவியை நாத்தனாரிடம் கொடுத்தபோது, அவள் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டே, "பாலை நிறுத்தச் சொல்லல அண்ணி. எப்படியும் ரெண்டு மாசத்துல வந்துடுவீங்க" என்றாள்.

அந்த ஒரு வாக்கியத்துக்காகவாவது ஜெயித்துக் காட்டியாக வேண்டும். முதல் மாதம் சோதனைக் காலம். கடைசி நாளன்று இயக்குநர் அம்மாள் வகுப்புக்கு வந்து பார்ப்பார். அவருக்குத் திருப்தியானால்தான் வேலை.

ஆனால் அந்த இயக்குநர் அப்போது வெளியூரில் இருந்தார். நிலையத்தில் ஆங்கிலம் தெரிந்த ஒரே ஜீவன் ஆபீஸ் கிளார்க். அந்தப் பெண்ணும் மூட்டு ஆபரேஷனுக்காக ஒரு மாதம் லீவு. ஆகவே முதல் நாள் காலை டீச்சரம்மா வாசல் காவலாளியிடம், புத்தகம் புரட்டுவதுபோலவும் எழுதுவதுபோலவும் கையால் காட்டினாள். அவர் சட்டென்று புரிந்துகொண்டு, பையை வாங்கிக்கொண்டு, அவளைக் கீழ்த்தளத்தில் மூன்றாம் எண் அறையில் கொண்டுபோய் விட்டார். உள்ளே ஐந்து பேர் நோட்டும் பேனாவுமாக எழுந்து நின்றார்கள். ஒரு பஸ் டிரைவர், ஒரு பேக்கரிக்காரர், ஒரு பூக்கடைக்காரி, ரிட்டயரான தபால்காரர், பல் டாக்டரிடம் வேலை பார்க்கும் நர்ஸ். யார் என்ன தொழில் என்பதெல்லாம் போகப்போகத் தெரிந்தது.

வகுப்பில் தாய்மொழியே கூடாது, பொருளைக் காட்டு, சொல்லைச் சொல், அது மாணவன் வாயில் வரும்வரை விடாதே என்று அவள் படித்த படிப்பு சொன்னது. டீச்சரம்மா விடவில்லை. அவர்களும் விடவில்லை. அரைமணி நேரம் சேரும் லோமுக்கும் மோதின. கடைசியில், பாடம் நகர்ந்தால் போதும் என்று அவளே "லோமுக்" என்றாள். ஐந்து பேரும் கைதட்டினார்கள். பஸ் டிரைவர் எழுந்து வந்து கைகுலுக்கினார்.

சாயங்காலம் தங்கியிருந்த அறைக்குள் நுழையும்போதே அவள் கால் தரையில் பாவவில்லை. கணவர் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு ஆர்வமான ஆளுங்க தெரியுமாங்க? ஒருத்தர்கூட லேட் இல்ல."

"இங்கிலீஷ் எத்தனை வார்த்தை கத்துக்கிட்டாங்க?"

"இன்னிக்கு ஒண்ணும் இல்ல. முதல்ல மனசு ஒட்டணும்."

மறுநாளைக்கென்று படம் போட்ட அட்டைகள் தயாராயின. கணவர்தான் உட்கார்ந்து நாற்பது படம் வரைந்தார். பசுவுக்கும் நாய்க்கும் கொம்பு ஒன்றுதான் வித்தியாசம். ஆனால் வகுப்புக்குப் போனால், ஐந்து பேரும் ஆளுக்கொரு கட்டு அட்டை கொண்டுவந்திருந்தார்கள். வழவழவென்ற அட்டை, அச்சடித்த படம், பின்பக்கம் கொட்டை எழுத்தில் அவர்கள் மொழி. சொல்லாமலே வீட்டுப்பாடம் செய்யும் மாணவர்கள் யாருக்குக் கிடைப்பார்கள் என்று டீச்சரம்மா பூரித்துப்போனாள். கணவர் வரைந்த பசுவைப் பையிலேயே வைத்துவிட்டு, அவர்கள் அட்டைகளைக் கொண்டே நடத்தினாள். வாரக் கடைசியில் கணக்குப் பார்த்தால், அவர்கள் மொழியில் இருநூறு வார்த்தை அவளுக்கு வந்திருந்தது. அவர்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு குட் மார்னிங்கூட வரவில்லை.

நாலு சுவருக்குள் உட்கார்ந்தால் நாக்கு புரளாது என்று, இரண்டாவது வாரம் வகுப்பைக் கடைத்தெருவுக்கு மாற்றினாள். பஸ் டிரைவர் பஸ்ஸையே கொண்டுவந்து நிறுத்தினார். காய்கறிக் கடை முன்னால், ஆங்கிலத்தில் வெங்காயம் கேளுங்கள் என்று பேக்கரிக்காரரை முன்னே தள்ளினாள். பேக்கரிக்காரர் ஒதுங்கிக்கொண்டு அவளை முன்னே தள்ளினார். பின்னால் வரிசை நீண்டது, கடைக்காரர் தராசோடு காத்திருந்தார். வேறு வழியில்லாமல் டீச்சரம்மா அவர்கள் மொழியிலேயே பேரம் பேசி இரண்டு கிலோ வெங்காயம் வாங்கினாள். முன்பின் தெரியாதவர்களும் சேர்ந்து கைதட்டினார்கள்.

"வெங்காயம் நல்லாத்தான் இருக்கு" என்றார் கணவர்.

தான் தோற்றுக்கொண்டிருப்பது டீச்சரம்மாவுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் காலையில் எழுந்தால் மனசு துள்ளியது. தெருவில் போனால் பஸ்ஸை நிறுத்தி டிரைவர் நலம் விசாரித்தார். பூக்கடைக்காரி தன் மருமகள்மேல் உள்ள மனத்தாங்கலை முக்கால் மணி நேரம் சொன்னாள். டீச்சரம்மாவுக்கு அத்தனையும் புரிந்தது, தப்பு உங்கள் மகன்மேல்தான் என்று பதிலும் சொல்ல வந்தது. இன்சூரன்ஸ் ஆபீஸில் பதினாறு வருஷத்தில் அவள் வாய் திறந்து யாரும் இப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. எல்லாரும் அவளைப் பிரியமாக "நெய்மா, நெய்மா" என்று கூப்பிட்டார்கள். அந்த ஊரில் டீச்சருக்கு அப்படிச் சொல்வார்கள் போலிருக்கிறது என்று அவளும் பெருமையாக ஏற்றுக்கொண்டாள்.

நாலாவது வாரம், கடைசி அஸ்திரமாகப் பரீட்சை வைத்தாள். அன்று அவள் வீடு திரும்பியபோது முகத்தில் ஒரு தினுசான குழப்பம் இருந்தது. கணவர் தண்ணீர் கொடுத்துவிட்டு, என்ன ஆயிற்று என்று கேட்டார். வினாத்தாளைக் கொடுத்ததும் ஐந்து பேரும் அதைத் தொடாமல் அவளையே பார்த்தார்களாம். பரீட்சை எழுதுவது எப்படி என்று காட்டுவதற்காக அவளே பெஞ்சில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாளாம்.

"இங்கிலீஷ்லயா?"

"அவங்களுக்குப் புரியணுமேன்னு அவங்க பாஷையில எழுதினேன்."

"திருத்தினது?"

"அவங்கதான். சிவப்பு மையில. தொண்ணூத்தி நாலு."

கணவர் விடைத்தாளை வாங்கி இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தார்.

"பரீட்சை வெச்சது நீ. எழுதினதும் நீ. அவங்க என்னதான் பண்றாங்க?"

"அதான் எனக்கும் புரியலங்க" என்றவள் பையைக் கட்டிலில் போட்டாள். "நாளைக்கு இயக்குநர் வர்றாங்க. ஒருத்தருக்கும் ஒரு வார்த்தை வரல. நான் டீச்சரே இல்லங்க."

கணவர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஊருக்குத் திரும்பினாலும் பரவாயில்லை, இந்த ஒரு மாதமாக அவள் முகத்தில் பார்த்த களையைத் தான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை என்றார். இரண்டு பேருமாகப் பெட்டியைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்துத் தூசி தட்டினார்கள்.

மறுநாள் மூன்றாம் எண் அறையில் பூக்கடைக்காரி கொண்டுவந்த பூக்கள் மேஜைமேல் குவிந்திருந்தன. இயக்குநர் அம்மாள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்த கிளார்க் பெண் ஊன்றுகோலோடு வாசலில் நின்றாள். கணவர் இஸ்திரி போட்ட சட்டையில் கடைசி நாற்காலியில் ஒடுங்கியிருந்தார்.

இயக்குநர் கேட்பதற்கு முன் தானே சொல்லிவிடுவது என்று டீச்சரம்மா எழுந்தாள். அவர்கள் மொழியிலேயே, ஒரு இடத்திலும் தடுக்காமல் பேசினாள். இந்த ஐந்து பேரும் தங்கமானவர்கள், ஒரு நாள்கூட மழைக்கும் ஒதுங்காமல் வந்தார்கள், பலன் இல்லையென்றால் குற்றம் முழுக்க இந்த நெய்மாவுடையது, அவர்களை ஒன்றும் சொல்லாதீர்கள் என்றாள்.

அறை முழுக்கச் சிரித்தது. தபால்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இயக்குநர் எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டு, ரிப்பன் கட்டிச் சுருட்டிய ஒரு தாளைக் கையில் வைத்தார். ஐந்து பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

வேலை உத்தரவு! டீச்சரம்மா கடைசி வரிசையைப் பார்த்தாள். கணவர் அதற்குள் போனை எடுத்து நாத்தனார் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தார்.

கிளார்க் பெண் கோலை ஊன்றிக்கொண்டு மெதுவாக அருகில் வந்தாள். ஒரு மாதத்துக்குப்பின் டீச்சரம்மாவின் காதில் விழுந்த முதல் ஆங்கிலம் அவளுடையதுதான்.

"நாலே வாரத்துல எங்க பாஷையை இப்படிக் கத்துக்கிட்ட நெய்மா, அதாவது மாணவி, இதுவரைக்கும் வந்ததே இல்லன்னு உங்க டீச்சருங்க அஞ்சு பேரும் சொல்றாங்க, ஆமா, மாடியில இருபது பேர் ஒரு மாசமா இங்கிலீஷ் டீச்சர் வருவாங்கன்னு உக்காந்திருக்காங்க, உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"