நாற்பது மீட்டர் அவமானம்

ஆற்றோரத் தெரு, ஹார்டன்லா
ஞாயிறு, 19 ஜூலை 1992

ஹார்டன்லா கோடை விளையாட்டு விழாவில் வேகமானவரும் மெதுவானவரும் ஒன்றாக முடிக்கும்படி யார் எத்தனை மீட்டர் முன்னால் நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கும் பெருமதிப்பிற்குரிய திரு. ஆர்ச்சிபால்ட் கிளெனி அவர்களுக்கு,

கம்பளி ஆலையின் மடிப்புப் பிரிவில் முப்பத்தோரு வருடமாக வேலை பார்க்கும் ஆக்னஸ் ரென்விக், வயது ஐம்பத்தாறு, பணிவன்புடன் எழுதிக்கொண்டது. நானும் என் வீட்டுக்காரர் டேவியும் நலம். தாங்களும் திருமதி கிளெனி அவர்களும், நேற்றைய மழையில் நனைந்துபோன தங்கள் நோட்டுப் புத்தகமும் நலமாக இருக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம். இது ஒரு புகார்க் கடிதம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகப் போக எனக்கே மறந்துவிடக்கூடும்.

விஷயம் மே மாதம் ஆலையின் தேநீர் அறையில் தொடங்கியது. முந்தின நாள் தொலைக்காட்சியில் பெண்கள் நூறு மீட்டர் ஓட்டம் காட்டினார்கள். அதில் கடைசியாக வந்த பெண் பதினொன்றரை செகண்டில் ஓடினாள் என்று என் பக்கத்து மேசை மொய்ரா சொன்னாள். "கடைசியா வந்ததுக்கே பதினொன்றரையா?" என்று அவள் வாயைப் பிளந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் ஓடினா ஒரு பதினாலு ஆகும். பதினொன்றரைக்கும் பதினாலுக்கும் நடுவுல ஒரு தும்மல் கூட முழுசா வராது" என்று சொன்னேன். ஐயா, வாய்ப்பேச்சாகச் சொல்லவில்லை. காலை ஆறு நாற்பது பஸ்ஸைத் தபால் நிலைய முனையிலிருந்து ஓடிப்போய்ப் பிடிக்கிறவள் நான். முப்பத்தோரு வருடத்தில் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. நகர்கிற பஸ்ஸையே பிடிக்கிறவளுக்கு நிற்கிற கோடு எம்மாத்திரம் என்று நினைத்தேன். மொய்ரா அன்று மாலையே விழா அலுவலகத்தில் என் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தாள். ஆலை முழுக்க அது தெரிந்துபோனது. நெசவுப் பிரிவு ஆண்கள் என்னைப் பார்த்தால் ஓரமாக ஒதுங்கி வழிவிட ஆரம்பித்தார்கள்.

பெயர் கொடுத்த பிறகு ஆளைச் சோதித்துப் பார்க்க வேண்டாமா? டேவி ஆற்றங்கரைப் பாதையில் ஒன்று, இரண்டு என்று நூறு அடி வைத்து நடந்து, நூறாவது அடியில் தன் தொப்பியை வைத்தார். கையில் முட்டை வேகவைக்கிற கடிகாரம். நான் ஓடினேன். சரியாகப் பதினான்கு! அந்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. ஐம்பத்தாறு வயதுக்குள் யாராவது வந்து என்னைக் கண்டுபிடித்திருக்கலாமே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. டேவி குள்ளமான ஆள் என்பதும், அவருடைய நூறு அடி எழுபது மீட்டரைத் தாண்டாது என்பதும் அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

பிறகு ஒரு புதன்கிழமை, புதிதாகச் சேர்ந்தவர்களைத் தாங்கள் நேரில் ஓடவிட்டுப் பார்த்தீர்கள். எனக்குப் பத்தொன்பது புள்ளி ஆறு என்று எழுதினீர்கள். எதிர்க்காற்று என்றேன். தாங்கள் விரலை நனைத்து மேலே தூக்கிப் பார்த்துவிட்டு நோட்டை மூடினீர்கள். வெள்ளிக்கிழமை தபால் நிலையச் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். ஆட்டுப் பண்ணைக்காரர் மகள் கிர்ஸ்டி ஆர்ம்ஸ்ட்ராங், தொடக்கக் கோட்டில். பள்ளிக்கூடத்து டீச்சர், பதினான்கு மீட்டர் முன்னால். ஆக்னஸ் ரென்விக், நாற்பது மீட்டர் முன்னால். நாற்பது! நூறில் நாற்பதைத் தாங்களே எனக்காக ஓடிக் கொடுத்துவிட்டீர்கள். பட்டியலைப் பார்த்த தபால்காரர், "இன்னும் கொஞ்சம் தள்ளி நிறுத்தியிருந்தா முடிவுக் கோட்டுல நாற்காலி போட்டு உக்காந்துக்கலாம்" என்றார். அந்தச் சூட்டில்தான் தங்கள் வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டேன். அப்போது நான் பேசிய சில வார்த்தைகளைத் திருமதி கிளெனி கேட்டிருக்க வேண்டாம். "இருபத்தஞ்சுக்கு மேல ஒரு மீட்டர் கூட எனக்கு வேண்டாம். நான் என்ன நொண்டியா?" என்று கத்தினேன். தாங்கள், "சரிம்மா, இருபத்தஞ்சு" என்றீர்கள். ஐயா, என் புகார் அந்தச் "சரிம்மா"வைப் பற்றித்தான். அதற்கு வருகிறேன்.

நேற்று காலையிலிருந்தே ஒன்றும் சரியில்லை. பஸ்ஸில் ஏறும்போது டிரைவர் ஹ்யூயியிடம் பெருமையாகச் சொன்னேன், "இன்னிக்கு ஓடறேன் ஹ்யூயி. இத்தனை வருஷம் உன் பஸ்ஸைத் துரத்தின காலு இது." அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "நான் என்னிக்குங்க ஆக்னஸ் நீங்க வராம கிளப்பியிருக்கேன்? தபாலாபீஸ் முனையில உங்க தலை தெரிஞ்சா பிரேக்ல காலை வெச்சிருவேன். சும்மா ரெண்டு அங்குலம் உருட்டுவேன், உங்க மனசு திருப்திக்கு" என்றார். பஸ்ஸே சிரித்தது. பின்னால் உட்கார்ந்திருந்த பாதிரியார் கூட.

மைதானத்துக்குப் போனா மழை. மொய்ராவோட மக கொடுத்த ஆணி வெச்ச ஓட்டக் காலணி ஒரு அளவு சின்னது. அதை மாட்டிக்கிட்டு உடை மாத்துற கூடாரத்துல ரெண்டு அடி எடுத்து வெச்சேன், கமிட்டியோட பச்சைக் கம்பளம் காலோட சேர்ந்து எழுந்து வந்துடுச்சு. அதை என் காலிலேர்ந்து பிரிக்க மூணு பேர் தேவைப்பட்டாங்க. (எழுதுற வேகத்துல பேச்சு வழக்கு வந்துடுச்சு, மன்னிக்கணும். கையைப் பிடிச்சு நிறுத்தினா நான் எழுதவே மாட்டேன்.) எனக்கு மஞ்சள் பனியன் கொடுத்தாங்க. இருபத்தஞ்சாவது மீட்டர்ல போய் நின்னேன். எங்க ஓட்டத்துல அஞ்சு பேர். ரொம்பத் தூரம் பின்னால, கோட்டுல, சிவப்புப் பனியன் போட்டு கிர்ஸ்டி குனிஞ்சிருந்தா. இவ்வளவு தூரத்துலேர்ந்து இந்தப் பொண்ணு என்னைப் பிடிக்கவா போகுதுன்னு பாவமா கூட இருந்துச்சு. துப்பாக்கி வெடிச்சுது. உங்களுக்கே தெரியும், எல்லாரும் ஓடினாங்க, நான் யாரு சுட்டதுன்னு திரும்பிப் பார்த்தேன். அப்புறம்தான் ஓடினேன்.

ஓடினேன் ஐயா. மனசாரச் சொல்றேன், என் வாழ்க்கையில அப்படி ஓடினதில்லை. புல்லு வழுக்குது, மழை வாய்க்குள்ள போகுது, மொய்ரா எங்கேயோ என் பேரைச் சொல்லி அலறுறா, டேவி "தொப்பியைப் பாரு, தொப்பியைப் பாரு"ன்னு கத்துறார், எந்தத் தொப்பின்னு எனக்குத் தெரியலை. ஜெயிச்சுட்டோம்னே நினைச்சேன். அறுபதாவது மீட்டர்ல அந்தச் சத்தம் வந்துச்சு. எங்க ஆலையில புதுத் துணியை ஒரே இழுப்புல நீளமா கிழிப்போம் பாருங்க, அந்தச் சத்தம். என் வலது கைமேல காத்து பட்டுச்சு. சிவப்புப் பனியன் எனக்கு முன்னால இருந்துச்சு. அவ என்னைத் தாண்டினதை நான் பார்க்கவே இல்லை. பின்னால இருந்தா, அப்புறம் முன்னால இருந்தா. அவ்வளவுதான். அந்தப் பொண்ணுக்கு உடம்புல ஒரு சிரமமும் தெரியலை, தலை கூட ஆடலை, கால் மட்டும் புல்லைத் தொட்டுத் தொட்டு எடுத்துக்கிட்டுப் போகுது. நான் ஓடுறதை மறந்துட்டு அதையே பார்த்தேன். அவமானமா இருந்திருக்கணும். இல்லை. ஏதோ அழகான ஒண்ணு என் ஊர்லயே இத்தனை வருஷமா இருந்திருக்கு, நான் இன்னிக்குத்தான் திரும்பிப் பார்த்தேன்னு இருந்துச்சு.

நான் நாலாவது. அஞ்சாவதா வந்தவ நடுவுல காலணி கழண்டு திரும்பிப் போய் எடுத்துட்டு வந்தா. இருந்தாலும் நாலாவது நாலாவதுதான்.

சாயங்காலம் தேநீர்க் கூடாரத்துல கிர்ஸ்டி தானே வந்து என் பக்கத்துல உக்காந்தா. ஆட்டுக்கறிப் பணியாரத்தை ரெண்டே வாயில தின்னு முடிச்சா. ஜெயிச்சவங்க மட்டும் ஓடின இறுதி ஓட்டத்துல அவளால டீச்சரைப் பிடிக்க முடியலை, அரை அடியில விட்டுட்டா.

"உங்களைத் தாண்டுறதுக்குள்ள எனக்குப் பயமே வந்துருச்சு மிசஸ் ரென்விக்" அப்படின்னா.

"பொய் சொல்லாத கண்ணு. எத்தனை நாளா ஓடுற?"

"ஆறு வருஷம். குளிர்காலம் பூரா மலையேத்தம். ஆட்டுக்கெல்லாம் தீனி போட்டுட்டு இருட்டுல கிளம்புவேன்."

"போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் எத்தனை செகண்ட் குறைஞ்சுது?"

"ஒரு செகண்டைப் பத்தாக்கி, அதுல ஒண்ணு."

"ஒரு வருஷத்துக்கா!"

"ஆமா. இது நல்ல வருஷம்" அப்படின்னா. சிரிக்கலை. நிஜமாவே சந்தோஷமா சொன்னா.

தும்மல்னு சொன்னேனே ஐயா, ரெண்டரை செகண்டை! இந்தப் பொண்ணு ஒரு வருஷம் மலையில ஏறி இறங்கி ஒரு தும்மலோட ஓரத்தைத்தான் வாங்கியிருக்கா. நான் என் பணியாரத்தையும் அவகிட்டயே தள்ளிட்டேன்.

அப்போதான் டேவி பணியாரம் சுத்தின தாளைப் பிரிச்சு, கடிகாரம் பிடிச்சவர்கிட்ட கேட்டு வந்த எண்களைப் போட்டுக் கூட்டிக் கழிச்சுப் பார்த்தார். நான் ஓடின எழுபத்தஞ்சு மீட்டருக்குப் பதினைஞ்சரை செகண்ட். கிர்ஸ்டிக்கு நூறுக்கும் பன்னிரண்டு புள்ளி நாலு. "வீம்பு பிடிச்ச மனுஷிடி நீ" அப்படின்னார். "கிளெனி சொன்ன நாற்பதுல நின்னிருந்தா உனக்கு அறுபது மீட்டர். பன்னிரண்டரைல முடிச்சிருப்ப. நீயும் இந்தப் பொண்ணும் கோட்டுல ஒண்ணா, ஒரு கை நீளம் வித்தியாசத்துல வந்திருப்பீங்க."

கிர்ஸ்டி தாளை வாங்கிப் பார்த்தா. "அடேயப்பா, கிளெனி ஐயா உங்களை ஒரே ஒரு தடவைதான பார்த்தாரு?"ன்னு கேட்டா.

இதுதான் என் புகார். தாங்கள் என்னை ஒரு புதன்கிழமை ஒரே ஒரு முறை பார்த்து, ஒரு கை நீளத்துக்குள் சரியாக எடைபோட்டிருக்கிறீர்கள். என்னை என் வீட்டுக்காரரே முப்பது வருடத்தில் அவ்வளவு சரியாகக் கணித்ததில்லை. அப்படிப்பட்ட ஒருவர், ஒரு பெண்பிள்ளை தொலைபேசியில் கத்தினாள் என்பதற்காக "சரிம்மா" என்று விட்டுக்கொடுக்கலாமா? தங்கள் நோட்டில் என் பெயருக்கு நேரே இருபத்தைந்தை அடித்துவிட்டு நாற்பது என்று மீண்டும் எழுதிவிடுங்கள். ஒரு விஷயம் மட்டும் பதிவாக வேண்டும். காலணி சரியான அளவாக இருந்து, துப்பாக்கிக்கு நான் திரும்பிப் பார்க்காமலும் இருந்திருந்தால், நிச்சயமாக ஒரு செகண்ட் குறைத்திருப்பேன். அந்த ஒரு செகண்ட் எவ்வளவு பெரியது என்று இப்போது எனக்குத் தெரியும். அதைக்கூட விட்டுக்கொடுத்துவிட்டு, ஓட்டத்திலிருந்து இன்றோடு மனநிறைவுடன் விலகிக்கொள்கிறேன். காலணியை மொய்ராவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அடுத்த வருடம் மைதானக் கயிற்றுக்கு வெளியே நின்று கிர்ஸ்டிக்காகக் கத்துவேன்.

தங்கள் முழங்கால் எந்த மழையிலும் வலிக்காதிருக்கட்டும். தங்கள் பென்சில் என்றும் கூராக இருக்கட்டும். திருமதி கிளெனி அவர்களிடம் அந்த வார்த்தைகளுக்காக என் மன்னிப்பைச் சேர்ப்பிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் மீது மிகுந்த மரியாதையுடன்,
ஆக்னஸ் ரென்விக்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் டேவி வந்து படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். வரும் சனிக்கிழமை பக்கத்து ஊர் விழாவுக்கும் தாங்கள்தான் தூரம் எழுதுகிறீர்களாமே? மெதுவாக ஓடுகிறவர்களுக்குத்தானாமே கூடுதல் மீட்டர்? ஆகவே, மேலே காலணியைப் பற்றியும் துப்பாக்கியைப் பற்றியும் எழுதியதைத் தயவுசெய்து படிக்காததாக வைத்துக்கொள்ளவும். காலணி கச்சிதமாக இருந்தது. துப்பாக்கிச் சத்தத்தில் நான் அசையவே இல்லை. என்னால் முடிந்தது அவ்வளவுதான். கணுக்கால் வேறு நேற்றிலிருந்து வீங்கியிருக்கிறது. விண்ணப்பத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். நாற்பத்து நான்கு போட்டால் தொலைபேசியில் கத்த மாட்டேன்.