நாலாவது அடுக்கு

அறைச் சுவரில் மூன்று அடுக்கு அட்டை ஒட்டியும் ராக்கப்பனுக்குத் தூக்கம் வரவில்லை. கண் இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருக்க, அறையிலிருந்து வெளியே வந்து நின்றார்.

"இன்னுமா சத்தம் கேக்குது?" என்றாள் மனைவி நாகஜோதி.

"சத்தம் ஒண்ணும் கேக்கல. தூக்கந்தான் வரல."

தன் மனசு நோகக்கூடாது என்று மறைக்கிறார் என நினைத்துக்கொண்டாள்.

ராஜபாளையத்து மில்லில் இருபது வருஷமாக அவருக்கு ராத்திரி ஷிப்ட். பகலில்தான் தூக்கம். மூன்று மாதத்துக்கு முன் பக்கத்து வீட்டுப் பேச்சிமுத்து பேண்டேஜ் துணி நெய்ய விசைத்தறி போட்டான். ராக்கப்பன் ஒரு குறையும் சொல்லவில்லை. இந்தத் தடதடப்பில் மனுசன் எப்படித் தூங்குவார் என்று நாகஜோதிதான் பாவப்பட்டாள். சுந்தரபாண்டியம் வயலில் எரிக்கக் கிடந்த வைக்கோலையும், சிவகாசி அச்சகத்துக் கழிவுப் பேப்பரையும் ஊறவைத்து, பிசைந்து, அழுத்தி, காயவைத்து அட்டையாக்கிச் சுவரெல்லாம் ஒட்டினாள். மகளிர் குழுப் பயிற்சியில் கற்றுக்கொண்ட வேலை அது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் டியூஷன் சென்டர் நடத்தும் ஞானதுரை கேள்விப்பட்டு, "ஒங்க வீட்டுக்காரர் நிம்மதியாத் தூங்குதாருன்னா எனக்கும் மூணு ரூமுக்குப் போட்டுக் குடுங்க. ரோட்டுச் சத்தம் தாங்கல" என்றிருந்தார். வெள்ளிக்கிழமை பார்க்க வருவதாகப் பேச்சு. அவளுக்கு அதுதான் முதல் ஆர்டர்.

"சத்தம் எங்கயோ ஒழுகுது" என்று ஜன்னலையும் அட்டையால் அடைத்தாள். அன்று அவர் புரண்ட புரளலில் கட்டில் கால் ஆட ஆரம்பித்தது. கடிகாரத்தைக் கழற்றினாள். மறுநாள் ஃபேன் கிறீச்சிடுகிறது என்று அதையும் நிறுத்தினாள். தூக்கத்தோடு காற்றும் போயிற்று. நாலாவது அடுக்கு ஏறியதும் அறை சுருங்கி, கதவு கட்டிலில் இடித்தது.

வியாழன் ஷிப்டில், ஓடுகிற மெஷினுக்குப் பக்கத்தில் நின்றபடியே ராக்கப்பன் கண்ணசந்துவிட்டார்.

"இன்னொருக்கா தூங்குனீருன்னா, வீட்லயே தூங்கிக்கிடும்" என்றார் சூப்பர்வைசர்.

"வீட்லதான சார் முடியல!"

வெள்ளி மத்தியானம் ஞானதுரை வந்துவிட்டார். நாகஜோதி பூனைநடை நடந்து கதவை மெல்லத் திறந்தாள். உள்ளே கும்மென்று அமைதி. கட்டில் காலி.

"வீட்டுக்காரர் எங்கம்மா?"

"இப்பத்தான் படுத்தாக..."

வாசலில் செருப்பும் இல்லை. சத்தம் தாங்காமல் மனுசன் எங்கேயோ போய்விட்டார் என்று அவளுக்கு அழுகையும் ஆத்திரமுமாகப் பொங்கியது. ஞானதுரையை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்துத் தறிக்கூடத்துக்கு ஓடினாள். நாலு தறியும் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன.

"ஏலே பேச்சிமுத்து! ஒரு மணி நேரம் அதை நிறுத்துல, ஒனக்குப் புண்ணியமாப் போகும்! அந்த மனுசன் செத்த நேரம் தூங்கட்டும்!" என்று கத்திக்கொண்டே சுவிட்சை நோக்கிப் போனாள்.

பேச்சிமுத்து பதறிப்போய் இரண்டு கையையும் விரித்து மறித்தான்.

"ஐயோ, நிறுத்திராதீக மதினி! தறி நின்னா அண்ணன் முழிச்சிருவாக. அந்தா, நூல் மூட்டைமேல இப்பத்தான் கண்ணசந்தாக!"