மைக் இல்லாமல் போன பிசாசு

பரலோகத்துக்கு அடுத்தபடியாக ஆவிக்குரிய அதிகாரம் முறைப்படி நிர்வகிக்கப்படும் இடம் எங்கள் சபைதான். செயலாளர் என்ற முறையில் இதை மிகுந்த தாழ்மையோடு சொல்லிக்கொள்கிறேன். தாழ்மையிலும் எங்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

எங்கள் ஐயா முதலில் வெறும் 'சகோதரர்'. பிறகு போதகர், பிறகு தலைமைப் போதகர். போன வருடம் கமிட்டி கூடி அவரை 'மகா அப்போஸ்தலர்' ஆக்கியது. வாசல் பலகையில் இடம் போதவில்லை. ஆண்டவர் பெயரைக் கொஞ்சம் சின்னதாக்கிச் சமாளித்தோம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை; பழகியவர்.

ஐயா மைக்கில் 'ப்பூ' என்று ஊதினால் முதல் வரிசை அப்படியே சாயும். அங்கே மெத்தை போட்டிருக்கிறோம். மெத்தை இல்லாத வரிசைகளில் அபிஷேகம் குறைவுதான்.

ஒரு ஞாயிறு ஆராதனை நடுவில் லாரி டிரைவர் ஒருவர் உள்ளே புகுந்தார். எங்கள் சபை ஆள்தான். நாற்காலியை எட்டி உதைத்து, "யோவ், பதில் சொல்லுங்கய்யா!" என்று கத்தினார்.

ஐயா ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தார். "பிசாசு. அதுலயும் உயர் பதவியில இருக்கிற பிசாசு" என்றார். பிறகு மைக்கை உயர்த்தினார். "மகா அப்போஸ்தலர் கட்டளையிடுகிறேன், வெளியே போ!"

டிரைவர் முறைத்தார். "நீ யாருய்யா?"

இப்படியொரு கேள்வியை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. அதுதான் பலகையிலேயே போட்டிருக்கிறதே! ஐயா 'ப்பூ' என்று ஊதினார். மெத்தை வரிசை மொத்தமும் விழுந்தது. டிரைவர் மட்டும் நின்றார். மறுபடி ஊதுவதற்குள் மைக்கில் பேட்டரி தீர்ந்தது. உடனே ஐயா கீபோர்டுக்குப் பின்னால் போய் நின்று, அங்கிருந்து எங்களைப் பாதுகாத்தார்.

அப்போது குழந்தைகள் அறையிலிருந்து, நாங்கள் 'அம்மா' என்று அழைக்கும் ஐயாவின் மனைவி வந்தார். டிரைவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"என்னாச்சு தம்பி?"

"என் பொண்டாட்டி செத்துட்டாக்கா. ஆஸ்பத்திரியிலேருந்து ஃபோன் பண்ணி, ஜெபிக்க வாங்கன்னு கெஞ்சினேன். ஒருத்தரும் வரலை."

வாஸ்தவம். அன்று எங்களுக்கு 'நோயாளிகளைச் சந்தித்தல்' பற்றிய கருத்தரங்கு.

"எங்கிட்ட யாருமே சொல்லலையே தம்பி! எங்களை மன்னிச்சிடு." அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு, "இயேசப்பா, இந்தப் பிள்ளையோட இருங்க" என்றார்.

அவ்வளவுதான். 'ப்பூ'கூட இல்லை. டிரைவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். அழுது ஓய்ந்ததும் உதைத்த நாற்காலியை நிமிர்த்தி, அதிலேயே அமைதியாக உட்கார்ந்தார். மெத்தையில் கிடந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார்கள்.

கமிட்டி அவசரமாகக் கூடி அம்மாவை விசாரித்தது.

"எந்த அதிகாரத்துல இதைச் செஞ்சீங்க?" என்றேன்.

"எனக்கேதுங்க அதிகாரம்? அவர்கிட்ட கேட்டேன், அவர் செஞ்சார்."

"அவர்னா, நம்ம ஐயாவா?"

"இவரா? இவர்தான் கீபோர்டுக்குப் பின்னால இருந்தாரே!"

'முன் அனுமதியின்றி அமைதி விளைவித்த' குற்றத்துக்காக அம்மாவை ஊழியத்திலிருந்து விலக்கினோம். ஐயாவே கையெழுத்திட்டார். அடுத்த ஞாயிறு அம்மா ஆஸ்பத்திரி வார்டுக்குப் போய்விட்டார், டிரைவரும் கூடவே.

போன பிசாசு சபைக்குத் திரும்பி வந்துவிடுமோ என்று சில விசுவாசிகள் பயப்படுகிறார்கள். வீண் பயம். அது எதற்கு வரப்போகிறது? அதன் வேலையைத்தான் இங்கே நாங்கள் ஒரு குறையும் இல்லாமல் பார்த்துக்கொள்கிறோமே!