ஸ்ரீரங்கனுக்கு உடம்பு சரியில்லை

நடக்கச் சொன்னால் ஓடப்போகிறேன் என்று சொல்லிவிட வேண்டும். அப்புறம் நடக்கவும் வேண்டாம், ஓடவும் வேண்டாம்.

இது ஸ்ரீரங்கன் இருபத்தாறு வருட அரசாங்க வேலையில் கற்ற வித்தை. சின்ன வேலையைத் தள்ளிவிட ஒரே வழி, பெரிய வேலை ஒன்றை ஏற்றுக்கொள்வதாக அறிவிப்பது. பெரிய வேலைக்கு மேலிடத்திலிருந்து அனுமதி வருவதற்குள் சின்ன வேலையை எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

2006ஆம் வருடம் ஆகஸ்ட் மாதம். அவருக்கு ரத்தத்தில் சர்க்கரை இருநூற்று நாற்பது. தினமும் அரை மணி நேரம் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். டாக்டர் ஒரு முறைதான் சொன்னார். மனைவி சாவித்ரி தினமும் காலை ஐந்தரைக்குச் சொன்னாள்.

சுதந்திர தினத்தன்று சிட்லபாக்கம் காலனியில் கொடி ஏற்றி, மிட்டாய் கொடுத்தார்கள். ஸ்ரீரங்கனுக்கு மட்டும் கொடுக்கவில்லை. எதிர்வீட்டு ஜெயவேலு மைக்கைப் பிடித்து, வரும் ஜனவரியில் கோவளத்தில் ஓர் அரை மாரத்தான் நடக்கப்போகிறது, நம் காலனியிலிருந்து யாராவது ஓட முன்வருவார்களா என்று கேட்டார். ஸ்ரீரங்கன் எழுந்தார்.

"நான் ஓடறேன்."

காலனியே கைதட்டியது. சாவித்ரியும் தட்டினாள். அப்போதே அவர் யோசித்திருக்க வேண்டும்.

அரை நாள் லீவு, அரை டிக்கெட், அரை டம்ளர் காபி. அவருடைய அனுபவத்தில் 'அரை' என்று ஆரம்பித்த எதுவும் பெரிதாக இருந்ததில்லை.

"எவ்வளவு தூரம்னு தெரியுமா?" என்று வீட்டுக்கு வந்ததும் சாவித்ரி கேட்டாள்.

"அரைதானே? நாலஞ்சு கிலோமீட்டர் இருக்கும்."

"இருபத்தொண்ணு."

"இருபத்தொண்ணு என்ன?"

"கிலோமீட்டர். தாம்பரத்துல ரயில் ஏறினா நுங்கம்பாக்கம் வரைக்கும்."

"அது மாரத்தான் இல்ல சாவித்ரி, மாரடைப்பு!"

"அதான் ஒரேயடியா ஓட வேண்டாம். இன்னும் அஞ்சு மாசம் இருக்கு. முதல்ல நடங்க, அப்புறம் ஓடுங்க. ஜெயவேலு சார் பாரம் குடுத்தார். பூர்த்தி பண்ணி அவர்கிட்டயே குடுத்துட்டேன்."

நடையிலிருந்து தப்பிக்க ஓட்டம் என்று சொன்னார். இப்போது நடையும் வந்தது, ஓட்டமும் வந்தது.

முடியாது என்று சொன்னால் மானம் போய்விடும். கைதட்டிய காலனி அது. மானத்தோடு தப்பிக்க ஒரு வாசல்தான் உண்டு: நோய். நோயாளியை யாரும் கேலி செய்ய மாட்டார்கள். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வருவார்கள்.

நோய் விஷயத்தில் ஸ்ரீரங்கன் கைதேர்ந்தவர். அவருடைய பணிப் பதிவேட்டைப் புரட்டினால் மஞ்சள் காமாலை மூன்று தடவை, டைபாய்டு நான்கு தடவை, அம்மை இரண்டு தடவை வந்திருக்கும். சேலையூர் டாக்டர் தேவானந்தத்திடம் போய் நின்றால் போதும். கேள்வி கேட்காமல் மெடிக்கல் சர்டிபிகேட் எழுதிக் கொடுத்துவிடுவார்.

ஆனால் சாவித்ரியும் சாமானியப்பட்டவள் இல்லை. எட்டாம் வகுப்பு ஆசிரியை. இருபத்திரண்டு வருடங்களாகப் பிள்ளைகளின் விடுப்புக் கடிதங்களைப் படித்துக்கொண்டிருக்கிறாள். வெறும் 'காய்ச்சல்' என்று எழுதியிருந்தால் அது காய்ச்சல். 'கடுமையான காய்ச்சல்' என்றால் அது கிரிக்கெட்.

சாவித்ரி ஒரு கால அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினாள். திங்களும் புதனும் சிட்லபாக்கம் ஏரியைச் சுற்றி. வெள்ளிக்கிழமை சேலையூர் வரை. ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்திலிருந்து ஊரப்பாக்கம், திரும்பி வர மின்சார ரயில்.

மூன்றாவது வாரமே நல்ல காலம் பிறந்தது. காலையில் எழுந்து காலை ஊன்றினார். குதிகாலில் சுரீர் என்றது. அப்பாடா!

"சாவித்ரி! கடுமையான குதிகால் வலி!"

"கடுமையானதா?" என்றாள் சாவித்ரி. உடனே செங்கல்லை அடுப்பில் வைத்தாள். சூடு ஏறியதும் அதன்மேல் எருக்க இலையைப் பரப்பினாள். "குதிகாலை வைங்க."

"வலி போயிடுச்சு!"

"வைங்க."

பத்து நாள் வைத்தார். வலி நிஜமாகவே போய்விட்டது. போகாமல் இருந்திருந்தாலும் போய்விட்டது என்றுதான் சொல்லியிருப்பார். அவ்வளவு சூடு.

அக்டோபரில் ஊரெங்கும் சிக்குன்குனியா. சிக்கியவனைக் குனிய வைக்கும் காய்ச்சல் என்றார்கள். ஸ்ரீரங்கன் சிக்கினார், குனிந்தார். இது நிஜமான நோய். நான்கு நாள் காய்ச்சல். அதற்குப் பிறகு கைவிரலை மடக்கினால் வலி, மடக்காவிட்டாலும் வலி. டம்ளரைத் தூக்க முடியவில்லை. சாவித்ரி நிலவேம்புக் கஷாயம் காய்ச்சித் தன் கையாலேயே புகட்டினாள். அந்த வாரம் அவள் அட்டவணையைப் பற்றிப் பேசவே இல்லை.

ஜெயவேலு ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார்.

"ஓட்டத்தை விடுங்க சார். உடம்புதான் முக்கியம்."

"மனசுக்குக் கஷ்டமா இருக்கு ஜெயவேலு," என்று ஸ்ரீரங்கன் கண்ணை மூடிக்கொண்டார். திறந்திருந்தால் சந்தோஷம் தெரிந்திருக்கும்.

ஆனால் நோய் அவருக்குத் துரோகம் செய்தது. மூட்டு இறுகாமல் இருக்கத் தினம் கொஞ்சம் நடந்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாசல் வரை நடந்தார். தெருமுனை வரை நடந்தார். நவம்பர் முடிவில் ஏரியைச் சுற்றினார். டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊரப்பாக்கம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கும்போதுதான் அவருக்கு அந்தப் பயங்கரம் உறைத்தது. ஒன்பது கிலோமீட்டர் நிற்காமல் ஓடி வந்திருக்கிறார். சர்க்கரை நூற்று முப்பதுக்கு இறங்கிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமே இல்லை!

இப்படி அவர் ஆரோக்கியத்தில் வாடிக்கொண்டிருந்த நேரத்தில், புது வருடம் பிறந்ததும் கோவளத்துக்காரர்களிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள் உடல் தகுதிச் சான்றிதழ் அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் ஓட முடியாது. ஸ்ரீரங்கனுக்கு நாற்பத்தொன்பது. கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நேரே டாக்டர் தேவானந்தத்திடம் போனார்.

"டாக்டர், எப்பவும் குடுக்கிற மாதிரி ஒண்ணு குடுங்க."

"என்ன போடட்டும்?"

"இடுப்பு வலி போடுங்க. அது ரொம்ப நாளா வரலை."

டாக்டர் எழுதினார், கையெழுத்துப் போட்டார், முத்திரை குத்தினார், குண்டூசி குத்திக் கொடுத்தார். ஸ்ரீரங்கன் படித்துப் பார்க்கவில்லை. இருபத்தாறு வருடமாகப் படித்ததில்லை. வீட்டுக்கு வந்து சாவித்ரியிடம் நீட்டினார். அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். கையில் சிவப்புப் பேனா.

"இடுப்பு வலி. பதினஞ்சு நாள் பூரண ஓய்வு," என்று படித்தாள்.

பூரண ஓய்வு என்ற சொல் ஸ்ரீரங்கனுக்குப் பூரணக் கொழுக்கட்டையாக இனித்தது.

"டாக்டரே சொல்லிட்டார். நான் என்ன பண்ண முடியும்?"

"மூணாம் தேதியிலேருந்து பதினேழாம் தேதி வரைக்கும்."

"ஆமா."

"ஓட்டம் இருபத்தொண்ணாம் தேதி."

ஸ்ரீரங்கன் சுவரில் காலண்டரைத் தேடினார்.

"குண்டூசியில இன்னொரு காகிதம் இருக்கே," என்றாள் சாவித்ரி.

இருந்தது. அரசாங்க ஊழியர் மெடிக்கல் லீவு எடுக்க ஒரு சர்டிபிகேட், திரும்ப வேலையில் சேர ஒரு சர்டிபிகேட். இதற்காக இரண்டு தடவை அலைவானேன் என்று டாக்டர் தேவானந்தம் இரண்டையும் ஒரே நாளில், ஒரே பேனாவில் எழுதிக் கொடுத்துவிடுவார். இந்தத் தடவையும் கை பழக்கத்தில் எழுதிவிட்டது.

"ஜனவரி பதினெட்டாம் தேதி முதல் இவர் பூரண உடல் தகுதியுடன் இருக்கிறார்," என்று சாவித்ரி நிறுத்தி நிதானமாகப் படித்தாள். "கையெழுத்து, முத்திரை எல்லாம் சரியா இருக்கு."

"அதைக் குடு இப்படி!"

"கூரியர்ல போட்டுடறேன். நீங்க எதுக்கு அலையணும், இடுப்பு வலியோட?"

இருபத்தொன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. கோவளத்தில் கடல் வெளுக்கும் நேரம். ஓட்டம் கோவளத்தில் ஆரம்பித்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே பத்தரை கிலோமீட்டர் போய், திரும்பவும் கோவளத்துக்கே வர வேண்டும். ஸ்ரீரங்கன் பனியனில் 417 என்ற எண்ணைக் குத்திக்கொண்டு நின்றார். முகம் அமைதியாக இருந்தது. அவரிடம் கடைசித் திட்டம் ஒன்று இருந்தது.

மூன்றாவது கிலோமீட்டரில் விழுந்தால் சிரிப்பார்கள். பதிமூன்றாவதில் விழுந்தால் மரியாதை. ஆகவே பதிமூன்று வரை ஓடுவது. ஆம்புலன்ஸ் கூடாது. அதில் டாக்டர் இருப்பார், டாக்டர் இருந்தால் காகிதம் இருக்கும். பேருந்தில் ஏறிக் கோவளத்துக்கு முன்னாலேயே இறங்கி, நொண்டிக்கொண்டே வருவது. நரம்பு இழுத்துக்கொண்டது, யாரோ ஒரு கார்க்காரர் கொண்டுவந்து விட்டார் என்று சொல்லிவிடுவது.

டிக்கெட்டுக்குப் பத்து ரூபாய் நோட்டு ஒன்றைக் கையில் மறைத்து வைத்திருந்தார். அதை டிராயர் பாக்கெட்டில் போடப் போனால் விரல் நுழையவில்லை. சாவித்ரி தாம்பரத்தில் வாங்கி வந்த புது டிராயர். கடைக்காரன் பாக்கெட் மாதிரி ஒரு தையலை மட்டும் போட்டு ஏமாற்றிவிட்டான் என்று நினைத்துக்கொண்டார். நோட்டைக் கைக்குள்ளேயே இறுக்கிப் பிடித்தார்.

"ஏன் கையை மூடிக்கிட்டே இருக்கீங்க?" என்றாள் சாவித்ரி.

"மன உறுதி," என்றார் ஸ்ரீரங்கன்.

விசில் ஊதினார்கள். ஓடினார். எல்லோரும் அவரைத் தாண்டிப் போனார்கள். பத்தரை கிலோமீட்டரில் திரும்பினார். பதின்மூன்றாவது கிலோமீட்டரில் சொல்லி வைத்ததுபோல் ஒரு பேருந்து நிறுத்தம் வந்தது. மீன் விற்று முடித்துக் காலிக் கூடையோடு கோவளம் திரும்பும் ஓர் அம்மாள் அங்கே உட்கார்ந்திருந்தாள். அங்காளம்மா என்று கையில் பச்சை குத்தியிருந்தது.

"இன்னா சார், யாரு தொர்த்திக்கினு வர்றா?"

"யாரும் தொரத்தலைம்மா."

"அப்பால இன்னாத்துக்கு ஓடியாற?"

"ஓட்டப்பந்தயம்."

"பந்தயத்துக்காரனுங்கல்லாம் எப்பவோ பூட்டானுங்களே! அவனுங்க போனப்புறம் நான் அரைக்கூடை மீன் வித்துக்கினேன்!"

பேருந்து வந்தது. ஸ்ரீரங்கன் ஏறினார், பின்னாலேயே அங்காளம்மாவும் ஏறினாள். படியில் நின்ற கண்டக்டரிடம் கையைத் திறந்து காட்டினார். பதின்மூன்று கிலோமீட்டர் வியர்வையில் ஊறிய நோட்டு அது. கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

"சார், இது நோட்டா, கரைச்ச புளியா?"

பேருந்து சிரித்தது. அங்காளம்மாவுக்குப் பாவமாக இருந்தது.

"உடுய்யா, அவரு டிக்கெட்டுக்கு நான் குடுக்குறேன். ஆனா சார், ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனச்சிக்காதே. நெஞ்சில நம்பரக் குத்திக்கினு பஸ்ல வர்றியே, இதுக்கும் பந்தயம்னுதான் பேரா?"

ஜன்னல் ஓரத்தில் இருந்தவர்களெல்லாம் திரும்பி 417ஐப் பார்த்தார்கள். பின் சீட்டிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். ஒரு காலனிக்கு முன்னால் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஏறிய பேருந்தில் இன்னொரு காலனியே உட்கார்ந்திருந்தது.

ஸ்ரீரங்கன் இறங்கினார். கண்டக்டர் விசில் கொடுத்தார். பேருந்து போயிற்று.

மிச்சம் எட்டு கிலோமீட்டர். வலது பக்கம் சவுக்குத் தோப்பு, அதற்கு அப்பால் கடல். ஓடிக்கொண்டே அவர் தன் உடம்பில் ஒவ்வொரு இடமாகத் தேடிப் பார்த்தார். குதிகாலைக் கேட்டார், ஒன்றுமில்லை என்றது. முழங்காலைக் கேட்டார், போகலாம் என்றது. இடுப்பு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. இருபத்தாறு வருடம் நம்பிக்கையாக உழைத்த நோய்கள் எல்லாம் அன்றைக்கு லீவு. காற்று முகத்தில் பட்டது. யாருமே இல்லாத சாலையில் தன் கால் சத்தம் தனக்கே கேட்பது நன்றாகத்தான் இருந்தது. இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தார்.

மூன்று மணி இருபது நிமிடம். அவர் போய்ச் சேர்ந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் ஒருவர் ஓடி வந்து கழுத்தில் மெடலை மாட்டினார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த சாவித்ரி, எழுந்து வந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவருடைய நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

தண்ணீர் உள்ளே போனதும் ஸ்ரீரங்கனுக்கு வீரம் வெளியே வந்தது.

"பதிமூணாவது கிலோமீட்டர், சாவித்ரி. பஸ் வந்து என் பக்கத்துல நிக்குது. ஏறிக்கோங்கறாங்க. ஏறலையே நான்! அதான் மனசு."

சாவித்ரி தலையாட்டினாள்.

சாயங்காலம் ஜெயவேலு வந்தார். அவரிடம் பேருந்து இரண்டு பேருந்தாயிற்று. அடுத்த வீட்டுக்காரர் வந்தபோது கண்டக்டர் கையைப் பிடித்து இழுத்தார். இருட்டுவதற்குள் டிரைவரே இறங்கி வந்து கெஞ்சினார். ஸ்ரீரங்கன் எவரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. கையில் காசு இருந்தும் பாக்கெட் காலியாகவே இருந்தது என்று வேதாந்தமாகவும் ஏதோ சொல்லிவைத்தார். காலனி மறுபடியும் கைதட்டியது.

எல்லோரும் போன பிறகு, மெடலும் டிராயருமாக அவர் ஊஞ்சலில் சாய்ந்திருந்தார். சாவித்ரி ஒரு பிளேடை எடுத்துக்கொண்டு வந்து எதிரே நின்றாள்.

"அந்த டிராயரைக் கழட்டிக் குடுங்க. பாக்கெட்டுக்கு நான் போட்ட தையலை நானே பிரிச்சுடறேன்."