சேரம்பாடிக் கரடியும் எட்மண்டின் முடியும்

ஆதாரம் கேட்கும் ஆசாமி என்றோர் இனம் உண்டு. பார்த்திருப்பீர்கள். சொட்டச் சொட்ட நனைந்து வந்து, வெளியே மழை என்று நீங்கள் சொன்னாலும், "யாரு அளந்து பாத்தாங்க?" என்று கேட்கும். அந்த இனத்தில் ஒன்று ஊட்டி பெர்ன்ஹில்லில் வசிக்கிறது. பெயர் எட்மண்ட். எந்த விலங்கு எதைத் தின்று காட்டில் தனக்கொரு இடம் பிடித்து வைத்திருக்கிறது என்று ஆராய்வது தொழில்.

விலங்கைப் பார்க்கவே வேண்டாம், ஒரு முடி போதும் என்பார். நைட்ரஜனில் எடை கூடிய ஐசோடோப் ஒன்று உண்டாம். கறி தின்கிற உடம்பில் அது அதிகம் சேருமாம், வளர்கிற முடியில் அப்படியே தங்கிவிடுமாம். "வாய் பொய் சொல்லும், முடி சொல்லாதுங்க!" இதைக் கல்யாணப் பந்தியில் சொல்வார், சர்ச் வாசலில் சொல்வார், துக்க வீட்டிலும் சொல்லியிருக்கிறார்.

சேரம்பாடித் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் தெய்வம்மாவின் ஆடுகள் காணாமல் போயின. பழி ஒரு கரடியின்மேல் விழுந்தது. அதைப் பிடித்துக்கொண்டுபோகக் கூண்டும் வந்துவிட்டது. எட்மண்ட் குறுக்கே நின்று, வேலிக்கம்பியில் சிக்கியிருந்த கரடி முடியை ஆய்வகத்துக்கு அனுப்பினார். ஒப்பிட்டுப் பார்க்கச் சுத்த சைவத்தின் முடி வேண்டுமே? தம்முடையதையே வெட்டி வைத்தார். யூரிக் ஆசிட் ஏறியதால் டாக்டர் கறியை நிறுத்தச் சொல்லி மாதக்கணக்காகிறது; மனைவி லோயிஸ் வீட்டுக்குள் முட்டையைக்கூட விடுவதில்லை. கூடலூர்ப் பக்கம் வேலையாகப் போகும்போது ஓட்டலில் நடப்பதை மட்டும் அவர் மனம் சாப்பாடாகவே சேர்த்துக்கொள்ளவில்லை.

முடிவு வந்த சூட்டோடு ஃபாக்டரி வாசலில் திரை கட்டி வரைபடமாகப் போட்டுக் காட்டினார். வனத்துறையினர், லயத்து வீடுகளில் குடியிருக்கும் தொழிலாளர் சனம், பள்ளி லீவு என்பதால் உடன் வந்த டீச்சர் லோயிஸ், எல்லோரும் பார்த்தார்கள். கறி தின்னத் தின்னப் புள்ளி மேலே ஏறும்; கரடியின் புள்ளி அடியில் கிடந்தது. பழமும் கரையானும் தின்கிற அப்பாவி!

"அப்ப உச்சியில நிக்கிறது எது சார், சிறுத்தையா?" என்றார் தெய்வம்மா.

எட்மண்ட் திரையை இன்னொரு முறை பார்த்தார். "அது... என்னுதுங்க."

லோயிஸ் எழுந்தார். "ஏனுங்க, அப்ப நான் தெனமும் ஆக்கிப்போட்ட பாவக்காயெல்லாம் எங்கீங்க போச்சு?"

வனத்துறை அதிகாரி வசந்த்குமார் இரக்கப்பட்டார். "மெஷின் கோளாறா இருக்கும் சார். கரடியப் புடிச்சு வெச்சுட்டு மறுபடியும் பாத்துக்கலாங்க."

என்ன அருமையான வழி! 'ஆமாம்' என்றால் போதும், மானம் தப்பும், கரடிதான் தப்பாது. எட்மண்ட் கூண்டைப் பார்த்தார். லோயிஸைப் பார்த்தார். கூண்டு எவ்வளவோ தேவலை என்று தோன்றியது. ஆனாலும் வாயைத் திறந்தார்.

"மெஷின் சரிங்க. நாந்தான் தின்னேன். கூடலூர்ல. பீப் வறுவல். பரோட்டாவோட."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. தெய்வம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"கரடி திங்கல, சரி. எங்க ஆட்டையும் நீங்கதான் தின்னீங்களா?"

கூண்டு காலியாகவே லாரி ஏறியது. ஆடு திருடுவது எதுவென்று பார்க்க வனத்துறை காமிரா கட்டியது. ஊட்டிக்குத் திரும்பும் வழியில் லோயிஸ் இறங்கி மூன்று கிலோ பாகற்காய் வாங்கினார்.

நன்றாகச் சிரியுங்கள். அடுத்தவர் எது சொன்னாலும் ஆதாரம் கேட்கிற நீங்கள், "ஸ்வீட் தொடறதில்லையே?" என்று டாக்டர் கேட்கும்போது மட்டும் வாய்வார்த்தையை நம்பச் சொல்கிற ஆள் இல்லைதானே? பின்னே எதற்கு இப்போது கை தலைமுடிக்குப் போகிறது?