மெலிந்து தோன்றுவதற்கான உபாயங்கள்

இசபெல்லாவின் நீல ரவிக்கையிலிருந்த கடைசிக் கொக்கி, தனக்குரிய கண்ணியைச் சென்றடைய உறுதியாக மறுத்துவிட்டது. அவள் மூச்சை உள்ளிழுத்தாள், வயிற்றையும் உள்ளிழுத்தாள், இறுதியில் பற்களைக் கடித்துக்கொண்டு ரவிக்கையையே இழுத்தாள். கொக்கி தெறித்துத் தொட்டிலுக்கு அடியில் விழுந்தது. தொட்டிலில் கிடந்த குழந்தை தாயின் முயற்சியைக் கண்டு சிரித்ததா, வயிற்றுக் காற்றினால் முகம் சுளித்ததா என்பது விளங்கவில்லை.

பேறுகால விடுப்பு ஞாயிற்றுக்கிழமையோடு முடிவடைகிறது. திங்கட்கிழமை காலை அவள் அலுவலகத்தில் தன் தட்டச்சுப் பொறியின் முன்னே அமர்ந்தாக வேண்டும்.

காரைக்காலில் இருந்த அந்த அரசு அலுவலகத்தில் அவள் ஒருத்தியே பெண். பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறிச் சென்ற பின்னர்த் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்த புதிய அதிகாரி, அவளிடம் சொல்ல வேண்டியவற்றையெல்லாம் பியூன் முத்தையன் மூலமாகவே சொல்லி அனுப்புவார். மற்றவர்கள் அவ்வளவுகூடச் சொல்வதில்லை. வேலையில் சேர்ந்த நாள் முதலாக அவளை நோக்கி, ‘சாப்பிட்டாயா’ என்று கேட்டவர் எவரும் இலர். வீட்டிலும் அவ்வாறே. கணவன் பிலோமின்ராஜ் பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக அல்ஜீரியாவில் இருந்தான். பிறந்த மகனை அவன் இன்னும் பார்த்ததில்லை.

ஆகவே, திங்கட்கிழமையன்று ஒருவராவது தலை நிமிர்ந்து தன்னைப் பார்த்து, ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று இசபெல்லா விரும்பினாள். பெரிய ஆசை அன்று. ஆயினும் அதற்கு முதலில் ஒரு ரவிக்கை பொருந்தியாக வேண்டும்.

“என்னா புள்ள, செவுத்தோட மல்லுக்கட்டுறியா?” என்று கேட்டுக்கொண்டே, தமக்கை முறையில் இசபெல்லா ‘லாத்தா’ என்று அழைக்கும் அடுத்த வீட்டுக் கமருன்னிசா கொல்லைப்புறமாக உள்ளே வந்தாள்.

“ரவிக்கையோடங்க, லாத்தா.”

“புள்ள பெத்த ஒடம்பு அப்படித்தான் இருக்கும். இதுக்குப் போயி கலங்குவாங்களா? நான் ஆறு பெத்தவ. என்னையப் பாரு.”

இசபெல்லா பார்த்தாள். அவளுடைய கவலை இருமடங்காயிற்று.

“கறுப்பா எதையாச்சும் உடுத்திக்க,” என்றாள் கமருன்னிசா. “கறுப்புல ஆனையும் ஒடுங்கித் தெரியும்.”

“ஆனையே கறுப்புத்தானே லாத்தா?”

“அதான் அந்தமட்டுக்கும் இருக்கு. வேற நெறமா இருந்தா தெருவு கொள்ளுமா?”

இசபெல்லா பெட்டியைத் திறந்து கறுப்புப் புடவையை எடுத்தாள். ஒரு பழைய கறுப்பு ரவிக்கையின் பக்கத் தையல்களைப் பிரித்து அணிந்துகொண்டாள். உண்மையிலேயே உடல் சற்று ஒடுங்கித் தோன்றியது. அந்த மகிழ்ச்சியைப் பொறாத குழந்தை வீறிட்டு அழுதது. குழந்தை அழுதவுடன், தாயின் சம்மதத்தைக் கேளாமலே பால் சுரந்தது.

பால் உலர்ந்த பின்பு பார்த்தால், கறுப்பு ரவிக்கையின் இடப்பக்கத்தில் உலகப் படத்தில் உள்ள ஆப்பிரிக்காவைப் போன்றதொரு வெண்கறை படிந்திருந்தது. அல்ஜீரியா அதன் மேல்முனையில் அல்லவா இருக்கிறது என்று நினைத்தவளாய், இசபெல்லா அந்த இடத்தை விரலால் தொட்டுக்கொண்டு சிறிது நேரம் நின்றாள்.

சனிக்கிழமை பிற்பகல் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, தையற்காரி செல்வம்மாளிடம் சென்று முறையிட்டாள்.

“பால் கறை தெரியக்கூடாதுன்னா வெள்ளைதாம்மா உடுத்தணும்,” என்றாள் செல்வம்மாள், வாயில் குண்டூசிகளைக் கவ்வியபடியே. “வெள்ளைப் பொடவ வச்சிருக்கியா?”

“ஒண்ணே ஒண்ணுதாங்க அக்கா. கல்யாணப் பொடவ.”

“பொட்டியில கெடந்து பூச்சிக்குத் தீனியாப் போறதுக்கு ஒனக்கு ஒதவட்டுமே. போயி எடுத்தா.”

கொண்டு வந்து உடுத்திக்காட்டினாள். புடவையின் விளிம்பு முழுவதும் அகன்ற சரிகைப் பின்னல் வைத்துத் தைக்கப்பட்டிருந்தது. மணமேடையில் அது அவளுடைய மெல்லிய இடையைச் சுற்றி ஒளி வீசியது. இப்பொழுதும் ஒளி வீசியது. சுற்றளவுதான் மிகுதியாக இருந்தது.

செல்வம்மாள் ஊசிகளை வாயிலிருந்து எடுத்தாள். “பீப்பாய்க்கு அடிச்ச இரும்புப் பட்டையாட்டம் இருக்கேம்மா!”

“அப்ப என்னங்க செய்யறது?”

“சரிகையைப் பிரிச்சிட்டா ஒடம்பு ஒரே ஓட்டமாத் தெரியும். அடுத்த வாரம் மெல்லிசா ஒரு நாடா வச்சுத் தர்றேன். இப்போதைக்குச் சும்மா உடுத்திக்க. என்ன, பிரிக்கட்டா?”

இசபெல்லா சரிகையை விரலால் ஒருமுறை நீவினாள். பின்னர், “பிரிச்சிடுங்க,” என்று கூறிவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“கையும் பருத்திருக்கு. ரவிக்கைக் கைய முழங்கை வரைக்கும் விட்டுடுறேன். அதுவும் வெள்ளையிலயே இருக்கட்டும். கறைக்கு நல்லது.”

திங்கட்கிழமை விடிந்ததும் கமருன்னிசா வந்து, “நீ ஆற அமர ஜோடிச்சுக்க, புள்ள,” என்று குழந்தையைத் தன் வீட்டிற்கு எடுத்துச் சென்றாள். இசபெல்லா தனியே ஆயத்தமானாள். பிலோமின்ராஜ் விட்டுச் சென்றிருந்த முகச்சவரக் கண்ணாடியே அவ்வீட்டின் ஒரே கண்ணாடி. உள்ளங்கை அளவினதான அக்கண்ணாடியில் உடலைத் தவணை முறையில்தான் காண இயலும்.

முதல் தவணையில் கைகளைக் கண்டாள். வீங்கிய மணிக்கட்டில் கண்ணாடி வளையல்கள் ஏறவில்லை. சோப்பு நுரை தடவி ஏற்ற முயன்றதில் இரண்டு உடைந்தன. எஞ்சியவை எதற்கு என்று எடுத்து வைத்துவிட்டாள். மோதிரம் விரலின் முதற் கணுவிலேயே நின்றுவிட்டதால் அதையும் கழற்றி வைத்தாள். கழுத்தைக் கண்டபோது, தாலிச் சங்கிலி அதனைக் குறுக்கிக் காட்டுவதாகத் தோன்றவே, சங்கிலியை ரவிக்கைக்குள் ஆழமாகச் செருகிக்கொண்டாள். பிள்ளைப்பேற்றுக்குப் பின் கொத்துக் கொத்தாக உதிர்ந்த கூந்தல், கனகாம்பரச் சரத்தின் பாரத்தைத் தாங்காமல் அதை இருமுறை கீழே நழுவ விட்டது. பூவைத் தண்ணீர்க் கிண்ணத்தில் இட்டுவிட்டாள்.

பகுதி பகுதியாகப் பார்த்த வரையில் எங்கும் குறை இல்லை. முழுவதையும் சேர்த்துப் பார்ப்பதற்கு அவ்வீட்டில் கண்ணாடியும் இல்லை. வேறு கண்களும் இல்லை.

அலுவலக வாயிலில் அவள் கால் வைத்ததும், கோப்புகளில் கவிழ்ந்திருந்த தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. பேச்சொலி அடங்கியது. தலைமைக் குமாஸ்தா சந்தனசாமி மெல்ல எழுந்து நின்றார். அவரைக் கண்டு மற்றவர்களும் எழுந்தனர். இசபெல்லா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். ஒரு புடவைக்கு இத்தனை வலிமையா!

“வாங்கம்மா. உக்காருங்க,” என்று சந்தனசாமி தம்முடைய மெத்தை வைத்த நாற்காலியையே இழுத்துப் போட்டார். “சாப்பிட்டீங்களா?”

அந்தக் கேள்வியைக் கேட்டதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் கண் கலங்குவதைக் கண்டு அவரும் கலங்கினார்.

“பையன் யாரு சாடைம்மா?”

“அச்சு அசல் அவரேதாங்க.”

சந்தனசாமி கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்திக்கொண்டு அப்பால் சென்றார். அவருக்குக் குழந்தைகள் மேல் இவ்வளவு பிரியம் இருப்பதை இசபெல்லா அன்றுதான் அறிந்தாள்.

சற்றைக்கெல்லாம் அதிகாரியே தம் அறையை விட்டு வெளியே வந்தார். முத்தையன் வழியாக அன்றி, நேராகவே பேசினார்.

“நீங்க இவ்வளவு சீக்கிரம் வேலைக்கு வரணும்னு இல்லீங்களே. வேணுங்கிற மட்டும் லீவு எடுத்துக்கலாம்.”

“பரவாயில்லீங்க. மொதல்ல கொஞ்சம் அழுகையா வந்துச்சு. அப்புறம் சமாளிச்சிட்டேன்.”

“எப்படித்தான் மனசைத் தேத்திக்கிட்டு வந்தீங்களோ!”

“தையக்கார செல்வம்மா அக்காதாங்க வழி சொன்னாங்க. சனிக்கிழமையே எல்லாத்தையும் பிரிச்சு எடுத்துட்டோம்.”

அதிகாரி அவளுடைய வெறும் மணிக்கட்டுகளைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டு அறைக்குள் போய்விட்டார்.

தேநீர் வந்தது, கேளாமலே பிஸ்கோத்தும் வந்தது. அவள் தட்டச்சு செய்யவேண்டிய தாள்களில் பாதியை எவரோ எடுத்துச் சென்றிருந்தனர். சன்னலை ஒருவர் திறந்து வைத்தார். வெயில் படும் என்று மற்றொருவர் அதைச் சாத்தினார். அன்று முற்பகல் முழுவதும் இசபெல்லா ஒரு பிழையும் இன்றித் தட்டச்சு செய்தாள். இத்தனை மனிதர்கள் இத்தனை நாளும் எங்கே இருந்தார்கள் என்று வியந்தாள். இனி இந்தப் புடவையைத்தான் அடிக்கடி உடுத்த வேண்டும் என்றும் தீர்மானித்துக்கொண்டாள்.

நண்பகலுக்கு முன்பே நாற்காலிகள் நகரும் ஓசை கேட்டது. குமாஸ்தாக்கள் குடைகளை எடுத்துக்கொண்டு, ஒருவரோடொருவர் பேசாமல் வெளியேறினர். மேசைகள் வெறுமையாயின. அதிகாரியின் அறையும் பூட்டப்பட்டது. மீண்டும் தனித்துவிடப்பட்டதாக உணர்ந்த இசபெல்லா, வாயிற்படியில் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கியவாறு நின்ற முத்தையனைக் கூப்பிட்டாள்.

“என்ன முத்தையா, எல்லாரும் என்னைய விட்டுட்டு எங்க கெளம்பிட்டாங்க?”

“ஒங்கள விட்டுட்டுப் போவாங்களாம்மா? ஒங்க வீட்டுக்காரரு ஆத்துமா சாந்திக்குன்னு குமாஸ்தா ஐயா மாதா கோயில்ல பூசைக்குச் சொல்லிருக்காரு. நீங்க வந்துதான் மொத மெழுகுவத்திய ஏத்தணும்னு எல்லாரும் வாசல்ல காத்துக்கிட்டு நிக்கிறாங்க.”